ஆர்னால்ட் பாமர்: டப்பாவில் அடைத்த பெயர்

பிட்ஸ்பர்கிலிருந்து கிழக்கே 30ஆம் நெடுஞ்சாலையில் சென்றால் லட்ரோப் என்ற சிற்றூர் வருகிறது. அவ்வூர் விமான நிலையத்துக்குச் சூட்டியிருக்கும், கோல்ஃப் வீரர் ஆர்னால்ட் பாமரின் பெயரே, வழியில் நான் நின்ற பெட்ரோல் நிலையக் கடையின் குளிர்பெட்டியில் ஓர் உயரமான டப்பாவின் மேலும் இருந்தது. அரிசோனா நிறுவனம் விற்கும் அந்தப் பானத்தில் பாதி குளிர்ந்த தேநீர், பாதி எலுமிச்சைப் பானம். அளவு ஏறத்தாழ 680 மில்லி லிட்டர். விலை 99 சென்ட் என்று டப்பாவிலேயே அச்சடித்திருந்தது. கோல்ஃப் மட்டையைத் தொட்டே அறியாத அமெரிக்கர்கூட உணவகத்தில் அமர்ந்து "ஓர் ஆர்னால்ட் பாமர்" என்று கேட்கிறார்; பணிப்பெண்ணும் மறுபேச்சின்றிக் குறித்துக்கொண்டு போகிறார்.

டப்பாவைத் திறந்தவுடன் வருவது எலுமிச்சையின் மணம். தேநீரின் மணத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கண்ணாடித் தம்ளரில் ஊற்றினால் நீர்த்த வெல்லப்பாகின் நிறத்தில், சற்றே கலங்கலாக இருக்கிறது. நாக்கில் இனிப்பு முந்துகிறது, அதன் பின்னால் புளிப்பு வருகிறது, விழுங்கி முடித்த பிறகு தேயிலையின் துவர்ப்பு இலேசாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது இந்த வரிசை ஒரு குறையாகவே தெரிவதில்லை. வெயிலில் நடந்து வந்தவர் பாதி டப்பாவை ஒரே மூச்சில் குடித்துவிடுவார். ஆனால் ஒரு முறை திறந்தால் மீண்டும் மூட வழியில்லாத டப்பாவில் ஒருவருக்குத் தேவையானதைப்போல் இரு மடங்கு பானம் இருப்பதால், மீதி காருக்குள் குளிர் விட்டுப்போகிறது. குளிர் போனதும் எஞ்சுவது சர்க்கரை மட்டுமே.

இந்தக் கலவையைப் பாமர் வீட்டில்தான் குடித்துப் பழகினார். மனைவி வின்னி போட்டுவைக்கும் குளிர்ந்த தேநீரில் எலுமிச்சைப் பானத்தைச் சேர்த்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றி, அதுவே வழக்கமாகியிருக்கிறது. பின்னர் பாம் ஸ்பிரிங்ஸ் பகுதியில் ஒரு கோல்ஃப் மைதானத்தை வடிவமைக்கச் சென்றிருந்தபோது, மதிய உணவின்போது அவர் இதைக் கேட்டு வாங்குவதைப் பக்கத்து மேசைப் பெண்மணி கவனித்து, எனக்கும் அந்த ஆர்னால்ட் பாமர் பானமே வேண்டும் என்றாராம். பெயர் பிறந்த கதை என்று பாமரே சொல்லிவந்தது இதுதான். அவர் கூடவே சொன்ன இன்னொரு செய்தி, இந்த விமர்சனத்துக்கு அதைவிட முக்கியமானது: தமக்குத் தேநீர் தூக்கலாகவும் எலுமிச்சை குறைவாகவும் இருக்க வேண்டும் என்பார். டப்பா சொல்லும் பாதிக்குப் பாதி, பெயருக்கு உரியவரின் பக்குவம் அன்று.

அவருடைய ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் அறிந்தவர்கள் இதில் வியக்க மாட்டார்கள். எதையும் சமன் செய்து ஆடுவது அவருக்கு வராது. 1929இல் பிறந்த பாமரின் தந்தை லட்ரோப் கோல்ஃப் மன்றத்தின் புல்வெளிகளைப் பராமரித்தவர், அங்கேயே பயிற்சியாளராகவும் இருந்தவர். மூன்று வயதில், நீளம் குறைத்த மட்டை ஒன்றைக் கையில் கொடுத்துப் பிடியைச் சரிசெய்துவிட்டு, ஓங்கி அடி என்று சொல்லிக் கொடுத்ததோடு சரி. அந்த மன்றத்தின் நீச்சல் குளத்தில் ஊழியர் மகனுக்கு இடமில்லை. 1971இல் பாமர் அந்த மன்றத்தையே விலைக்கு வாங்கினார். பணக்காரர்களின் பொழுதுபோக்காக இருந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த சாதாரண மக்களிடம் கொண்டுபோனவரின் பெயரைத் தமிழில் எழுதினால், ஓர் எழுத்து கூட்டியவுடன் 'பாமரர்' ஆகிவிடுவது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கிறது.

1954இல் கிளீவ்லாந்தில் பெயின்ட் விற்றுக்கொண்டிருந்தபோது, தொழில்முறை வீரர் அல்லாதவர்களுக்கான யூ.எஸ். அமெச்சூர் பட்டத்தை வென்று, அதே ஆண்டில் தொழில்முறை வீரரானார். மறு ஆண்டு கனடிய ஓப்பன் முதல் வெற்றியாக அமைந்தது. அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பி.ஜி.ஏ. டூரில் மொத்தம் 62 வெற்றிகள்; கோல்ஃபின் நான்கு தலையாய போட்டிகளில் வெல்லும் 'பெரும் பட்டங்கள்' ஏழு. மாஸ்டர்ஸ் போட்டியை 1958, 1960, 1962, 1964 என்று ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு வென்றார். ஆனால் அவரைப் புரிந்துகொள்ளப் பட்டியலைவிட 1960 யூ.எஸ். ஓப்பனின் கடைசி நாள் போதும். டென்வரை அடுத்த செர்ரி ஹில்ஸ் மைதானத்தில் மூன்று சுற்றுகள் முடிந்தபோது அவர் முன்னணி வீரரைவிட ஏழு மட்டையடிகள் கூடுதலாக எடுத்துப் பின்தங்கியிருந்தார், அவருக்கு மேல் 14 பேர் இருந்தனர். முதல் குழி 346 கெஜத் தொலைவில் இருந்தது. மற்றவர்கள் இரண்டு அடிகளில் எட்டும், குழியைச் சுற்றிய அந்தப் பசும்பரப்பை ஒரே அடியில் எட்டிவிட முந்தைய சுற்றுகளில் முயன்று தோற்றிருந்தார். தோற்ற பின்னும் அதையே மீண்டும் முயன்றார். இம்முறை பந்து உருண்டு ஏறி நின்றது. முதல் ஏழு குழிகளில் ஆறில் வழக்கமான எண்ணிக்கையைவிட ஒவ்வோர் அடி மிச்சம் பிடித்து, 65 அடிகளில் சுற்றை முடித்து, இருபது வயது அமெச்சூர் வீரரான ஜாக் நிக்லாஸை இரண்டு அடிகளில் முந்திப் பட்டத்தை எடுத்துச் சென்றார்.

அதே துணிச்சல் அவரைக் கவிழ்த்ததும் உண்டு. 1961 மாஸ்டர்ஸில் கடைசிக் குழியை வழக்கமான நான்கு அடிகளில் முடித்தால் வெற்றி என்ற நிலையில், கூட்டத்தில் நின்ற நண்பரின் வாழ்த்தை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, பிறகு பந்தை மணற்குழியில் விட்டு, ஆறு அடிகள் எடுத்து, கேரி பிளேயரிடம் ஒரே அடியில் தோற்றார். 1966 யூ.எஸ். ஓப்பனில், சான் பிரான்சிஸ்கோவின் ஒலிம்பிக் மன்றத்தில் ஒன்பது குழிகள் மீதமிருக்க பில்லி காஸ்பரைவிட ஏழு அடிகள் முன்னணியில் இருந்தவர், பாதுகாப்பாக ஆடாமல் போட்டியின் சாதனையைத் துரத்தப்போய், சமநிலையில் மாட்டி, மறுநாள் நடந்த தனிச் சுற்றில் பட்டத்தை இழந்தார். 'ஆர்னியின் படை' என்று பெயர் பெற்ற அவருடைய ரசிகர் கூட்டம் வெற்றியைக் கண்டதைப் போலவே இந்தச் சரிவுகளையும் கண்டது. கண்ட பிறகும் விட்டுப் போகவில்லை.

பெயரை விற்பதில் மட்டும் அவர் நிதானமாக இருந்தார். கிளீவ்லாந்து வழக்கறிஞர் மார்க் மெக்கார்மக்குடன் கைகுலுக்கலிலேயே முடிந்த ஏற்பாடு, விளையாட்டு வீரர்களின் பெயரை வணிகப் பொருளாக்கும் தொழிலுக்கே அடித்தளமானது. 1968இல் பரிசுத் தொகையில் பத்து லட்சம் டாலரைத் தொட்ட முதல் பி.ஜி.ஏ. டூர் வீரர் பாமர்தான். ஆனாலும் முழுத் தொழில்வாழ்வில் அந்த டூரில் ஈட்டிய பரிசு இருபது லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. நான்கு வண்ணக் குடைச் சின்னம் பொறித்த சட்டைகளும் மைதான வடிவமைப்பும் விளம்பரங்களும் தந்தது அதைவிட எவ்வளவோ மடங்கு. இந்த டப்பாவும் அந்த வரிசையில் சேர்ந்ததே. அவர் 2016இல் மறைந்தார். டப்பா இன்னும் விற்கிறது.

இதே கலவையில் வோட்கா சேர்த்தால் அதற்கு 'ஜான் டேலி' என்று பெயர். எக்கச்சக்கமாக அடித்து ஆடும் அந்தப் பெயருடைய கோல்ஃப் வீரர், கடைசி நேரத்தில் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்து 1991 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை வென்றார். நான்கு பெரும் பட்டங்களில் பாமருக்குக் கடைசிவரை கிட்டாதது அதுவே; மூன்று முறை இரண்டாம் இடத்தோடு திரும்பினார்.

மறுநாள் தங்குமிடத்தில் இரண்டாவது டப்பாவைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டேன். சர்க்கரை சேர்க்காமல் திடமாகக் கொதிக்கவைத்து ஆறவைத்த தேநீரைத் தம்ளரில் பாதிக்கு மேல் நிரப்பி, பனிக்கட்டி போட்டு, டப்பாவிலிருந்ததை அதன்மேல் ஊற்றினேன். நிறம் கறுத்தது, துவர்ப்பு முன்னால் வந்தது, எலுமிச்சை பின்னால் நின்றது. இனிப்பு போதுமான அளவுக்கு அடங்கியது. இப்படி ஒரு டப்பா மூன்று பேருக்குத் தாராளமாக வரும் என்பதால், 99 சென்டுக்கு இது மலிவான சரக்கு. நேராகக் குடிப்பதானால் ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். தேநீர் சேர்த்த தம்ளருக்கு நான்கு.