நேர வலயத் தரவுத்தளத்துடன் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக: ஒரு ஜாதக மென்பொருள்காரரின் அனுபவம்

நான் பராமரித்து வரும் ஜாதகக் கணிப்பு மென்பொருளில், எந்த ஊரில் எந்தத் தேதியில் கடிகாரம் என்ன காட்டியது என்பதை அறிய, 2012 முதல், இணையப் பெயர்களையும் எண்களையும் ஒருங்கிணைக்கும் அமைப்பான ஐயானா (IANA) வெளியிடும் நேர வலயத் தரவுத்தளத்தையே பயன்படுத்துகிறேன். அதற்கு முன்பு எங்களிடம் இருந்தது ஓர் எக்செல் கோப்புதான். நாட்டின் பெயர், கிரீன்விச் நேரத்திலிருந்து எத்தனை மணி வித்தியாசம், கோடைக்கால நேரம் உண்டா இல்லையா என்ற மூன்று விவரங்களோடு அது நின்றுவிடும். நேரம் என்பது ஊருக்கு ஊர் மட்டுமல்லாமல் ஆண்டுக்கு ஆண்டும் மாறியிருக்கிறது என்பதை அந்தக் கோப்பு அறியவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அப்போது அறிந்திருக்கவில்லை.

1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிய இந்தத் தொகுப்பைப் பின்னர் பால் எக்கர்ட் பராமரித்து வருகிறார். 2011இல் ஐயானா இதை ஏற்றுக்கொண்டது. அதே சமயத்தில், பழைய நேர விவரங்கள் தங்களுடைய நூலிலிருந்து எடுக்கப்பட்டவை என்று கூறி, அமெரிக்க ஜோதிட மென்பொருள் நிறுவனம் ஒன்று இவ்விருவர் மீதும் வழக்குத் தொடுத்து, 2012இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. வழக்குப் போட்டது எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களே என்பதில் எனக்கு இன்றும் சிறு கூச்சம் உண்டு.

இதன் அமைப்பு எளிமையானது. நாட்டைக் கொண்டு அல்லாமல், கண்டத்தையும் ஓர் ஊரையும் சேர்த்து 'ஏசியா/கொல்கத்தா' என்பது போல வலயத்துக்குப் பெயரிடுகிறார்கள். அதன் கீழே, எந்த நாள் வரை எந்த நேரம் நடப்பில் இருந்தது என்பது வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். கொல்கத்தா வலயத்திலேயே நம்முடைய மெட்ராஸ் நேரமும் இருக்கிறது: 5 மணி 21 நிமிடம் 10 விநாடி, 1905ஆம் ஆண்டின் முடிவு வரை. அதற்குப் பிறகு வரும் ஐந்தரை மணிக்கு நடுவே, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் 15 வரை ஆறரை மணி என்று ஒரு வரி உண்டு. போர்க்காலத்தில் இந்தியா முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்த காலம் அது.

அந்த ஒற்றை வரியின் அருமை எனக்குப் புரிந்தது ஒரு பெரியவரின் ஜாதகத்தில்தான். சுபானு வருடம் தை 20, அதாவது 1944 பிப்ரவரித் தொடக்கத்தில், சென்னையில் பிறந்தவர். பழுப்பேறிய நோட்டில் காலை 9 மணி 35 நிமிடம் என்றும், அதன் அருகிலேயே உதயாதி நாழிகை (சூரிய உதயத்திலிருந்து எண்ணும் நாழிகை) 5 என்றும் எழுதியிருந்தார்கள். எங்களுடைய பழைய கோப்பை வைத்துக் கணித்தபோது ஏழரை நாழிகையும் மீன லக்னமும் வந்தன. நோட்டிலோ கும்ப லக்னம். எழுதியவர் கணக்கில் தவறிவிட்டார் என்றே முதலில் நினைத்தேன். வித்தியாசம் சரியாக இரண்டரை நாழிகை, அதாவது ஒரு மணி நேரம் என்பதைக் கவனித்து, இந்தத் தரவுத்தளத்தைக் கொண்டு மீண்டும் கணித்தபோது, நாழிகையும் லக்னமும் நோட்டில் கண்டபடியே வந்து நின்றன. சூரிய உதயத்திலிருந்து எண்ணிய அந்தக் காலத்து ஜோதிடரை அரசாங்கத்தின் கடிகாரம் ஏமாற்றவில்லை, என்னைத்தான் ஏமாற்றியது. சிங்கப்பூரில் 1981 முடியும் வரை ஏழரை மணி, ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது டோக்கியோவின் ஒன்பது மணி என்பவையும் இதே போலப் பலமுறை கைகொடுத்திருக்கின்றன.

கடந்த காலத்தை இவ்வளவு நன்றாகக் காட்டும் இத்தரவுத்தளத்தை, வரப்போகும் நேரங்களுக்கு நான் தவறாகப் பயன்படுத்தினேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஜோதிடருடன் பேச முன்பதிவு செய்யும் வசதியில், எல்லா நேரங்களையும் உலகப் பொது நேரமாக மாற்றிச் சேமித்து வந்தோம். ஜோர்டானின் அம்மான் நகரில் இருந்த ஒருவர், 2022 நவம்பரில் ஒரு நாள் மாலை 6 மணிக்குப் பதிவு செய்திருந்தார். குளிர்காலத்தில் அங்கு இரண்டு மணி வித்தியாசம் என்பதால் பொது நேரம் 16 மணி என்று சேமிக்கப்பட்டது. அந்த அக்டோபரில், ஆண்டு முழுவதும் மூன்று மணி வித்தியாசத்திலேயே இருக்கப்போவதாக ஜோர்டான் முடிவெடுத்தது. ஆண்டோடு ஓர் ஆங்கில எழுத்தைச் சேர்த்துப் பெயரிடப்படும் வெளியீடுகளில், 2022இ (2022e) வெளியீட்டில் அந்த மாற்றம் வந்துவிட்டது. தரவுத்தளம் தன் வேலையைச் செய்தது. நாங்கள் சேமித்து வைத்திருந்த எண் மட்டும் பழைய சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் ஆறு மணிக்குக் காத்திருக்க, ஜோதிடர் ஏழு மணிக்கு வந்தார். அன்றிலிருந்து, வரப்போகும் சந்திப்பு என்றால் உள்ளூர் நேரத்தையும் வலயத்தின் பெயரையும் அப்படியே சேமித்து, பொது நேரத்தை அவ்வப்போது கணக்கிட்டுக்கொள்கிறோம்.

வெளியீடுகளின் வேகத்தில் எனக்குக் குறையில்லை. 2023 மார்ச்சில் லெபனான் அரசு, கோடைக்கால நேரத்தைத் தள்ளிவைப்பதாகச் சில நாட்களே இருக்கும்போது அறிவித்துப் பின்னர் பின்வாங்கியது. முதல் அறிவிப்புக்காக 2023பி, பின்வாங்கியதற்காக 2023சி என்று ஒரே வாரத்துக்குள் இரண்டு வெளியீடுகள் வந்தன. தாமதம் நேர்வது அதற்கு அடுத்த கட்டங்களில்தான். இயங்குதளம், நிரலாக்க மொழி, வாடிக்கையாளரின் கைபேசி ஆகிய ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பிரதியை வைத்திருப்பதால், ஒரே கணினியில் இரண்டு பதில்கள் வருவதையும் பார்த்திருக்கிறேன். எங்கள் சேவையகத்தில் எந்த வெளியீடு இருக்கிறது என்பதை வாரந்தோறும் சரிபார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

என்னுடைய உண்மையான மனக்குறை வேறு. 1970க்குப் பிறகு ஒரே நேரத்தைப் பின்பற்றிய ஊர்களை ஒன்றாக்குவது தரவுத்தளத்தைப் பராமரிப்பவர்களின் கொள்கை. அதன்படி 2022பி வெளியீட்டில் ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸின் மறுபெயராகிவிட்டது. ஆம்ஸ்டர்டாமின் பழைய விவரங்கள் அழிக்கப்படாமல் தனிக் கோப்பில் இருக்கின்றன. ஆனால் தொகுக்கும்போது நாமே கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூட்ட அழைப்பு அனுப்புபவருக்கு இது பொருட்டல்ல. 1935இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவருக்கு லக்னம் பார்ப்பவருக்குப் பொருட்டு.

இலங்கையின் நிலை இன்னும் சிக்கலானது. 1996 மே மாதம் ஐந்தரையிலிருந்து ஆறரைக்கும், அதே அக்டோபரில் ஆறுக்கும் மாறிய அரசாங்க நேரம், 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டுகளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே பின்பற்றின. வலயமோ 'ஏசியா/கொழும்பு' ஒன்றே. எல்லைகள் நகர்ந்துகொண்டே இருந்த இடத்தை வலயமாக வரைவதும் இயலாத காரியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே, அந்த ஆண்டுகளில் வன்னியில் பிறந்தவர் என்று தெரிந்தால், எங்கள் மென்பொருள் தானாக எதையும் முடிவு செய்வதில்லை. "பிறந்த நேரம் பழைய நேரமா, புது நேரமா என்று அம்மாவிடம் கேட்டு எழுதவும்" என்று ஒரு கட்டம் திறக்கும். அது நிரப்பப்படும் வரை கணிப்பு தொடங்காது.