மேலாளர்களுக்கான பிணக்குத் தீர்வுப் பட்டறை: முதல் நாளுக்குத் தாராளமாகப் போகலாம்

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் மின்னணுப் பாகங்களைச் சோதித்து அனுப்பும் ஒரு தொழிற்சாலையில், பகல் இரவு இரண்டு ஷிப்டுகளுக்கும் பொறுப்பான உற்பத்தி மேலாளராக நான் வேலை செய்கிறேன். சென்ற மாதம் எங்கள் மனிதவளப் பிரிவு என்னையும் இன்னும் மூவரையும் ஜார்ஜ்டவுனில் ஒரு ஹோட்டலில் நடந்த இரண்டு நாள் பட்டறைக்கு அனுப்பியது. பணியிடப் பிணக்குகளைத் தீர்ப்பது, ஒருமித்த முடிவுக்கு வருவது, புத்தாக்கத் திறன் என்று மூன்று பாடங்களை ஒரே மூட்டையாகக் கட்டி விற்கும் பட்டறை அது. நடத்திய நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் கைக்கு வந்திருந்த மூன்று நிறுவனங்களின் விளம்பரத் தாள்களிலும் பாடத்திட்டம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்ததால், பெயர் தெரிந்து வாசகருக்குப் பெரிய பயனில்லை.

கட்டணம் ஆளுக்கு 1,500 ரிங்கிட். எங்களைப் போன்ற தொழிற்சாலைகளில் மலேசியத் தொழிலாளர்கள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால், சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கார்ப் என்ற மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்குக் கட்டாய லெவியாகக் கட்டியாக வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியானால் கட்டணத்தை அந்தக் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். 'எப்படியும் கட்டிய காசுதானே' என்று யாரும் கணக்குப் பார்க்காமல் ஆளனுப்பும் பழக்கம் இதனால்தான் வந்தது என்பது என் எண்ணம். என் சொந்தப் பணம் போயிருந்தால் எப்படி எழுதியிருப்பேனோ அப்படியே இதை எழுதுகிறேன்.

முதல் நாள் காலை ஒரு வினாத்தாளோடு தொடங்கியது. கென்னத் தாமஸ், ரால்ப் கில்மன் என்ற இருவர் 1974இல் உருவாக்கிய அந்த வினாத்தாளில் 30 இணை வாக்கியங்கள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் நமக்குப் பொருந்துகிற ஒன்றைக் குறித்துக்கொண்டே போனால், போட்டியிடுதல், ஒத்துழைத்தல், ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுத்தல், தவிர்த்தல், இணங்கிப்போதல் என்ற ஐந்து வழிகளில் நாம் எதன் பக்கம் சாய்கிறோம் என்பது 12க்கு இத்தனை என்ற மதிப்பெண்ணாக வந்து நிற்கும். தவிர்த்தலில் எனக்கு 10. பக்கத்தில் இருந்த சக ஊழியர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதற்கு வினாத்தாள் எதற்கு அண்ணே, எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே" என்றார். ஐந்தில் எதுவும் தன்னளவில் கெட்டதல்ல என்பதைப் பயிற்றுநர் தெளிவாகவே விளக்கினார்: தீப்பிடித்த நேரத்தில் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்க முடியாது, உப்புச்சப்பில்லாத சண்டையை ஒரு நாள் ஆறப்போடுவதும் நிர்வாகம்தான். என் சிக்கல் என்னவென்றால், ஓராண்டாக நான் ஆறப்போட்டிருந்த ஒன்று இன்னும் கொதித்துக்கொண்டே இருந்தது.

இரவு ஷிப்டின் லைன் லீடர் ஒரு தமிழ்ப் பெண். பகல் ஷிப்டின் லைன் லீடர் ஒரு மலாய் இளைஞர். காலை ஏழு மணிக்கு ஷிப்ட் மாறும்போது, சோதனை இயந்திரத்தில் இரவு என்ன கோளாறு வந்தது என்பதைப் பதினைந்து நிமிடம் நின்று சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன், நிற்க முடியாது என்பது இந்தப் பெண்ணின் பதில். நான் இரண்டு முறை சுற்றறிக்கை விட்டேன். இரண்டும் சுவரில் மஞ்சள் பூத்ததுதான் மிச்சம். பட்டறையில் ஆளுக்கொரு சொந்த வழக்கைக் கொண்டுவரச் சொன்னபோது இதைத்தான் சொன்னேன். வேறு தொழிற்சாலையைச் சேர்ந்த சீன எஞ்சினியர் ஒருவர் பகல் லீடராக நடித்தார், நான் இரவு லீடராக நடித்தேன். விதி ஒன்றுதான்: எதிராளி சொல்லும் எந்தக் கோரிக்கைக்கும் மறுப்புச் சொல்லாமல், முதலில் 'ஏன்' என்று மூன்று முறை கேட்க வேண்டும். மூன்றாவது 'ஏனு'க்கு என் வாயிலிருந்து "பஸ் போய்விடும்" என்று தானாக வந்தது. தொழிற்சாலைப் பேருந்து 7.10க்குப் புறப்பட்டுப் பாலத்தைக் கடந்து போகிறது என்பது எனக்கு ஓராண்டாகத் தெரியும். இரண்டையும் சேர்த்து நான் ஒருபோதும் யோசித்ததில்லை என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் கண்டுகொண்டேன்.

இந்தப் பயிற்சிக்குப் பின்னால் இருக்கும் கருத்து மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1925இல் சொன்னது. ஹார்வர்ட் நூலகத்தின் ஒரு சிறிய அறையில் ஒருவருக்குச் சன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபாலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும்; கடைசியில் ஆளில்லாத அடுத்த அறையின் சன்னலைத் திறந்தார்கள். அவருக்கு வேண்டியது காற்று, இவருக்கு வேண்டியது வாடைக்காற்று நேராக மேலே படாமல் இருப்பது. பாதிச் சன்னலைத் திறந்து வைத்திருந்தால் இருவருக்கும் மனக்குறைதான் மிஞ்சியிருக்கும். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியதும் இரவு ஷிப்ட் லீடரிடம் நேராகவே கேட்டேன். "போஸ், பஸ்ஸை விட்டா சுங்கை பட்டாணிக்கு கிராப் கார் காசு யாரு கொடுப்பா?" என்றார். இப்போது பகல் ஷிப்டின் டெக்னீஷியன் ஒருவர் 6.45க்கே ஓவர்டைம் கணக்கில் வந்து, இயந்திரத்தின் பக்கத்தில் நின்றே பொறுப்பை வாங்கிக்கொள்கிறார். பதினைந்து நிமிட ஓவர்டைம் காசுக்காகவா ஓராண்டு முறைத்துக்கொண்டார்கள் என்று நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மதியத்துக்குப் பிறகு ஒருமித்த முடிவைப் பற்றிய பகுதி. மலாயில் முவாஃபாகாட் என்று நாம் எல்லாருமே பள்ளியிலிருந்து கேட்டுப் பழகிய சொல்லிலிருந்து பயிற்றுநர் தொடங்கியது நல்ல யோசனை. எல்லாருக்கும் பிடித்த முடிவு என்பதல்ல அதன் பொருள்; எனக்கு முதல் விருப்பம் இல்லாவிட்டாலும் இதை ஏற்று நடத்துவேன், வெளியே போய் இதற்கு எதிராகப் பேசமாட்டேன் என்று ஒவ்வொருவரும் சொல்லக்கூடிய முடிவு என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. நம் தொழிற்சாலைகளில் சிக்கல் அதற்கு முந்தின படியில் இருக்கிறது. போஸ், அதாவது மேலதிகாரி, முதலில் வாயைத் திறந்துவிட்டால் கூட்டத்தில் வேறு கருத்தே பிறப்பதில்லை. 'ஓகே போஸ்' என்று எட்டுப் பேரும் தலையாட்டுவார்கள், பிறகு கேன்டீனில் தே தாரிக் டீயோடு உண்மையான கூட்டம் நடக்கும். வாய் மூடி இருந்ததை இணக்கம் என்று கூட்டக் குறிப்பில் எழுதிவைத்த மேலாளர்களில் நானும் ஒருவன்.

இதற்கு அவர்கள் தந்த கருவிதான், என் கணக்கில், 1,500 ரிங்கிட்டில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. ஆண்ட்ரே டெல்பெக், ஆண்ட்ரூ வான் டி வென் ஆகியோர் 1971இல் முன்வைத்த முறை அது. கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு, பத்து நிமிடம் யாரும் பேசாமல் ஆளுக்கொரு தாளில் எழுதுகிறார்கள். பிறகு வரிசையாக ஒரு சுற்றுக்கு ஒருவர் ஒரே யோசனையைச் சொல்ல, அது அப்படியே பலகையில் ஏறுகிறது. சரி தவறு என்ற பேச்சு அப்போது கிடையாது. ஐயங்களை விளக்கிக்கொண்ட பிறகு ஒவ்வொருவரும் தனியாக மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறார்கள். எங்கள் மேசையில் இருந்தவர்களில் வயதில் மிக இளையவர், காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத பெண். அதிக மதிப்பெண் பெற்ற யோசனை அவர் தாளிலிருந்து வந்தது. பெரியவர்கள் முன் பேச்சை அடக்கி வளர்ந்த பிள்ளைகளிடம் 'தைரியமாகப் பேசு' என்று சொல்லிப் பயனில்லை, தாளைக் கொடுத்தால் எழுதிவிடுவார்கள்.

ஒரு பெரிய குறையை இங்கே சொல்லியாக வேண்டும். பயிற்சிக்கான வழக்குகளில் ஒன்றில், ஒரு மேற்பார்வையாளர் கீழே வேலை செய்யும் பெண்ணிடம் ஆபாசமான கேலி பேசுகிறார். அதை 'ஒத்துழைப்பு' முறையில் தீர்க்கச் சொன்னார்கள். இருவரையும் உட்காரவைத்து இணக்கம் காண வேண்டிய விஷயமா இது? வேலைச் சட்டத்தின்படி பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க வேண்டியது முதலாளியின் கடமை. 2023 ஜனவரி முதல் அதுபற்றிய அறிவிப்பைப் பணியிடத்தில் ஒட்டிவைக்கவும் வேண்டும். எங்களோடு வந்திருந்த மனிதவள அதிகாரியான அக்கா எழுந்து இதைச் சொன்னபோது, பயிற்றுநர் 'நல்ல கருத்து' என்று சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். எந்தச் சச்சரவை மேலாளர் தானே தீர்க்கக் கூடாது என்பதுதான் மேலாளருக்கு முதலில் தெரிய வேண்டியது. அதற்கு இரண்டு நாளில் அரை மணி நேரம்கூட ஒதுக்கவில்லை.

இரண்டாம் நாள் புத்தாக்கம். வேறு பயிற்றுநர் வந்தார். இருபது ஸ்பகெட்டிக் குச்சி, கொஞ்சம் டேப், கொஞ்சம் நூல், 18 நிமிடம். உச்சியில் ஒரு மார்ஷ்மெல்லோ (ஜெலட்டின் சேர்த்த மெத்தென்ற மிட்டாய்) நிற்கும்படி கோபுரம் கட்ட வேண்டும். எங்கள் குழுவின் மலாய் நண்பர் முதலில் பொட்டலத்தைத் திருப்பி ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார். சைவம் சாப்பிடும் தோழி அதை விரலால்கூடத் தொடமாட்டேன் என்று தள்ளி உட்கார்ந்தார். கோபுரம் சரிந்தது. சிரித்தோம், படம் எடுத்துக்கொண்டோம், வேறொன்றும் நடக்கவில்லை. கைசென் என்ற தொடர் மேம்பாட்டுக் கூட்டமும் யோசனைப் பெட்டியும் ஆண்டுக்கணக்காக நடத்திவரும் தொழிற்சாலைக்காரர்களுக்கு யோசனை பிறப்பிப்பது சிரமமில்லை. பெட்டியில் விழுந்த யோசனைக்கு ஆறு மாதமாகப் பதில் வராததுதான் சிரமம். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பிறகு கூட்டமாகச் சத்தம்போட்டு யோசனை சொல்லும் பயிற்சி, விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பர்ன் பரப்பிய முறை. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்விலேயே, நால்வர் கூடி யோசித்ததைவிட நால்வர் தனித்தனியே எழுதியதைக் கூட்டினால் யோசனைகள் அதிகம் என்று தெரிந்துவிட்டது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போதே நினைத்தது மறந்துபோகிறது. முதல் நாள் மதியம் தாளில் எழுதவைத்து எங்களுக்குக் காட்டியதும் இதைத்தானே? இரண்டாம் பயிற்றுநர் முதலாமவரின் பாடத்தைப் பார்த்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம். அந்த இளம்பெண் மறுபடி வாய் திறக்கவில்லை. நான்தான் அதிகம் பேசினேன்.

உணவு பரவாயில்லை, சைவத்துக்கு ஒரே ஒரு பிரட்டல். காலையில் துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலை நெரிசலில் பாதிப் பேர் தாமதமாக வந்ததால், 9 மணி என்று போட்டது 9.40க்குத்தான் தொடங்கியது.

அடுத்த சுற்றில் எங்கள் இரண்டு லைன் லீடர்களையும் அனுப்பலாம் என்று மனிதவளப் பிரிவுக்கு எழுதினேன், முதல் நாளுக்கு மட்டும். தனித்தனியாகக் கொடுப்பதில்லை, இரண்டு நாளும் சேர்ந்துதான் என்று பட்டறை நடத்துபவர்களிடமிருந்து பதில் வந்திருக்கிறது.