விபத்து இழப்பீடு: பேசி முடிப்பதா, தீர்ப்பு வரை போவதா?

கார் மோதிக் கால் உடைந்து படுத்திருப்பவரிடம் சொந்தக்காரர்கள் சொல்லும் முதல் யோசனை, "ஸ்டேஷன்லயே பேசி முடிச்சிடுங்க, ஆஸ்பத்திரி செலவை அவங்களே தந்துடுவாங்க" என்பதுதான். தயவுசெய்து இதற்குத் தலையாட்டாதீர்கள். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் விட்டால், நாளைக்கு பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லும்போது பணம் கேட்டு நிற்க இடம் இருக்காது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆவது பிரிவில் இழப்பீடு கேட்டால் தவறு யாருடையது என்று நிரூபிக்க வேண்டாம். ஆனால் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சத்தோடு சரி. தவறு உங்கள் மேல் திரும்பும் என்ற பயம் இருந்தால் மட்டும் வக்கீலிடம் இதைக் கேளுங்கள்.

மற்றவர்களுக்கு இரண்டு வழி. அதே சட்டத்தின் 166-ஆவது பிரிவில், விபத்து வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் மனு போட்டுத் தீர்ப்பு வரை நடத்தலாம். அல்லது அதே வழக்கை லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், இன்சூரன்ஸ் கம்பெனியோடு பேசி முடிக்கலாம்.

தீர்ப்பு வரை போனால் கணக்கு முழுதாகப் பார்க்கப்படும். 32 வயது டிரைவர், மாதம் 15,000 சம்பளம் என்று வையுங்கள். ஒரு வருட வருமான இழப்பை வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்குவார்கள். அந்த வயதுக்குப் பெருக்கி எண் 16. வருமான இழப்பு 30 சதவீதம் என்றால் 8,64,000 ரூபாய். 60 சதவீதம் என்றால் 17,28,000. மருத்துவச் செலவு, வலி வேதனைக்கான தொகை எல்லாம் தனி. மெடிக்கல் போர்டு சான்றிதழில் உள்ள ஊனச் சதவீதமே வருமான இழப்பு ஆகிவிடாது, தொழிலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மேஜை வேலைக்காரருக்கு ஒன்றும் செய்யாத முழங்கால், டிரைவருக்குப் பிழைப்பையே பறித்துவிடும். பேரம் பேசும்போது முதலில் அடிபடுவது இந்த வித்தியாசம்தான்.

தீர்ப்பு வழியின் கஷ்டம் காலம். ஜெயித்தாலும் கம்பெனி உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் போகலாம். மனு போட்ட தேதியிலிருந்து வட்டி உண்டு என்றாலும், வீட்டு வாடகைக்கு அது காத்திருக்காது. லோக் அதாலத்தில் அப்பீல் கிடையாது, பணம் சீக்கிரம் கைக்கு வரும். அப்பீல் இல்லை என்பது உங்களுக்கும்தான். கையெழுத்துப் போட்டால் போட்டதுதான்.

என்னைக் கேட்டால் லோக் அதாலத்தான். ஆனால் சிகிச்சை முடிந்து, ஊனச் சான்றிதழ் கைக்கு வந்து, மேலே சொன்ன கணக்கை வக்கீல் தாளில் எழுதிக் காட்டிய பிறகு. அந்தத் தொகையில் பாதிதான் தருவோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், வழக்கு அப்படியே நடக்கும். மனுவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 2019 திருத்தம் விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம்தான் கெடு வைத்திருக்கிறது.