ஏப்ரல் லீவுக்குக் கடைசி நேரத்தில் தீம் பார்க்: சிங்கப்பூரா, சென்னையா, ஹொங்கொங்கா?

சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு கிழமைதான் இருந்தது, அப்போதுதான் இவருக்கு லீவு உறுதியானது. அன்றிரவு வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஐந்து பாஸ்போர்ட்டையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நாங்கள் இரண்டு பேர், பன்னிரண்டு வயது மூத்தவன், ஆறு வயது சின்னவள், என் அம்மா. இந்த மாதிரிப் பயணத்துக்கு எல்லோரும் மூன்று மாதத்துக்கு முன்பே பதிந்து வைப்பார்கள், எங்களுக்கு எட்டு நாள்தான். கடைசியில் சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோஸுக்குப் போனோம், போய் வந்த பிறகும் அது சரியான தெரிவு என்றே நினைக்கிறேன். அதனால் இதில் சிங்கப்பூர்ப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் எழுதுவேன்.

முதலில், சட்டென்று கழிந்து போனவை. சின்னவளுக்கு ஹொங்கொங் டிஸ்னிலாண்ட்தான் வேண்டும், அங்கே 2023 நவம்பரில் ஃப்ரோஸன் படத்துக்கென்றே ஒரு பகுதி திறந்தார்கள், அவளுக்கு அது எப்படியோ தெரிந்திருக்கிறது. ஆனால் இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஹொங்கொங் விசா வேண்டும், அதற்குச் சாதாரணமாக நான்கு கிழமை எடுக்கும். எட்டு நாளில் நடக்காது, அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மலேசியாவின் லெகோலாண்ட் சிங்கப்பூரில் இருந்து எட்டிப் பார்க்கும் தூரம், ஆனால் பாலத்தைக் கடக்க மலேசிய விசா தனியாக எடுக்க வேண்டும், தவிர அது சின்னப் பிள்ளைகளுக்கான இடம், மூத்தவன் அந்த வயதைத் தாண்டிவிட்டான். உள்ளூரில் ஹங்வெல்லப் பக்கம் லெஷர் வேர்ல்ட், பண்டாரகமவில் பேர்ள் பே இரண்டும் காலையில் எழும்பிப் போய் வாசலில் டிக்கெட் எடுக்கிற இடங்கள், அதற்கு இவ்வளவு யோசனை தேவையில்லை.

மிஞ்சியது இரண்டு. சென்னையில் வொண்டர்லா, சிங்கப்பூரில் யூனிவர்சல்.

அம்மாவுக்குச் சென்னைதான் ஆசை, அதில் நியாயமும் இருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம், பேச்சுக்கும் சாப்பாட்டுக்கும் கஷ்டமில்லை, பார்க்குக்குப் போகாத நாட்களில் தி.நகரில் துணி எடுக்கலாம், செலவோ சிங்கப்பூரோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. வொண்டர்லா 2000ஆம் ஆண்டில் கொச்சியில் தொடங்கி, பெங்களூரு, ஹைதராபாத், புவனேஸ்வர் என்று விரிந்து, 2025 டிசம்பரில்தான் சென்னைக்கு வந்தது. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம், திருப்போரூர் அருகே. நான் அங்கே போனதில்லை, மச்சாள் குடும்பம் போய் வந்து சொன்னதைத்தான் சொல்கிறேன். ரைட்ஸ் புதிதாக, உறுதியாக இருக்கின்றன, கால் தொங்கத் தொங்க ஓடும் ரோலர் கோஸ்டரைப் பற்றி அவர்கள் மகன் இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறான். டிக்கெட்டை இணையத்தில் எடுத்தால் மலிவு, எடுக்க மறந்தாலும் வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். இந்த விஷயத்தில் கடைசி நேரக்காரர்களுக்குச் சென்னைதான் வசதி. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது, தண்ணீர் ரைட்ஸுக்குப் பருத்தித் துணியோடு விடமாட்டார்கள், நைலோன் உடுப்பு வேண்டும், இங்கிருந்தே கொண்டு போனால் அங்கே வாங்கும் காசு மிச்சம்.

ஆனால் இந்தியாவுக்கு இ-விசா வேண்டும். போய் இறங்குவதற்கு நான்கு நாளாவது முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும், பிள்ளைகளுக்கும் தனித்தனியே, படமும் பாஸ்போர்ட் பக்கமும் சொன்ன அளவில் ஏற்ற வேண்டும். பெரும்பாலும் சீக்கிரமே வந்துவிடும், சரி. எங்கள் எட்டு நாளில் அதுவும் முடியும்தான். ஆனால் ஐந்து பேரில் ஒருவருடையது பிந்தினாலும் பிளேன் டிக்கெட், ஹோட்டல் எல்லாம் ஆடிப்போகும். சிங்கப்பூருக்கு இலங்கையர்களுக்கு விசாவே இல்லை, 30 நாள் வரை இருக்கலாம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். அது இலவசம். காசு கேட்கிற தளம் ஒன்று முதலில் வந்து நின்றால் அதை மூடிவிட்டு அரசாங்கத் தளத்தைத் தேடுங்கள்.

விசாவை விட எங்களுக்கு முடிவைத் தந்தது வேறொன்று. அதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றி யாரும் எனக்கு முன்னால் சொல்லித் தரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் டிசம்பர் லீவில் வேறொரு பெரிய பார்க்குக்குப் போனோம், பெயர் வேண்டாம். இரண்டு மாதத்துக்கு முன்பே எல்லாம் பதிந்தாயிற்று, டிக்கெட், ஹோட்டல், காலைச் சாப்பாடு வரைக்கும். உள்ளே போனால் தலைதான் தெரிகிறது. ஒரு ரைடுக்கு 100 நிமிடம் என்று பலகையில் போட்டிருந்தது. சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு மாறி மாறி நின்று, காலை முதல் இருட்டும் வரை மொத்தம் நான்கு ரைட்தான் ஏறினோம். முன்பதிவு எங்களுக்கு வாசலைத் திறந்துவிட்டது, உள்ளே இருந்த கூட்டத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஊருக்கு வந்த பிறகுதான் யோசித்தேன், அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கும் அதே கிழமைதான் லீவு. எங்கள் லீவைப் பார்த்தோமே தவிர, அவர்களுடைய லீவைப் பார்க்கவில்லை.

அதனால் இந்தமுறை ரைட்ஸின் பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் அந்தந்த ஊரின் பள்ளிக்கூட நாட்காட்டியைத் திறந்தேன். சிங்கப்பூரில் மார்ச்சில் ஒரு கிழமை, ஜூனில் நான்கு கிழமை, செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு கிழமை, பிறகு நவம்பர் நடுவில் இருந்து டிசம்பர் முடியும் வரை லீவு. ஏப்ரலில் பெரிய வெள்ளி ஒருநாள்தான் விடுமுறை, மற்ற நாட்களில் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். கொழும்பே காலியாகிக் கடை பூட்டிக் கிடக்கிற புத்தாண்டுக் கிழமை, சிங்கப்பூரில் சாதாரண வேலைக் கிழமை!

சென்னை அப்படியில்லை. நமக்குப் புத்தாண்டு என்றால் அவர்களுக்கும் புத்தாண்டுதான், ஏப்ரல் 14 தமிழ்நாட்டில் அரசு விடுமுறை. அத்தோடு ஆண்டுத் தேர்வு முடிந்து பெரிய லீவு தொடங்கும் மாதம், வெயிலும் ஏறிவிடும், வெயில் ஏறினால் தண்ணீர் பார்க்கில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நாங்கள் போக நினைத்த நாட்களில் அங்கே வாசலில் டிக்கெட் கிடைத்திருக்கும், ஆனால் ஒவ்வொரு சறுக்குக்கும் ஈரத் துணியோடு வெயிலில் நிற்க வேண்டி வந்திருக்கும் என்பது என் கணக்கு. ஹொங்கொங்குக்கு விசா கிடைத்திருந்தாலும் ஈஸ்டர் லீவு இருக்கிறது, அது சில வருடங்களில் நமது புத்தாண்டை ஒட்டியே வரும்.

முடிவெடுத்த அன்றே பிளேன் டிக்கெட் எடுத்தோம். விலை கூடத்தான். புத்தாண்டுக்கு முன்னால் போவதை விட, வீட்டில் மருத்துநீர் வைத்துக் கைவிசேஷம் வாங்கி, அடுத்த நாள் இரவு ஏறுவது குறைவாக இருந்தது. பார்க் டிக்கெட்டை மட்டும் அவசரப்பட்டு எடுக்கவில்லை. யூனிவர்சலில் திகதி போட்ட டிக்கெட்தான், எந்த நாள் என்று முதலே சொல்லியாக வேண்டும், நாளுக்கு நாள் திறந்திருக்கும் நேரமும் மாறும். அதனால் அவர்களுடைய நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, புறப்பட மூன்று நாள் இருக்கும்போது வெள்ளிக்கிழமைக்கு எடுத்தோம். தாராளமாக இருந்தது. நான்கு வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை, 4 முதல் 12 வரை சிறுவர் விலை, 60 தாண்டியவர்களுக்கும் குறைந்த விலை, அதனால் அம்மாவுக்கும் கொஞ்சம் மிச்சம் பிடித்தோம். வொண்டர்லாவில் சிறுவர் டிக்கெட்டுக்கு வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைத்தான் பார்ப்பார்கள், நெடுநெடுவென்று வளர்ந்த பிள்ளை இருப்பவர்கள் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

நீளக் கியூவில் நிற்காமல் ஏறவிடும் எக்ஸ்பிரஸ் பாஸ் வேண்டுமா வேண்டாமா என்று ஓர் இரவு முழுக்க வாதாடினோம். ஐந்து பேருக்கு எடுத்தால் இன்னொரு பிளேன் டிக்கெட் எடுத்தது போல, அதையும் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் விற்பார்கள், கூட்ட நாட்களில் விலை ஏறும், தீர்ந்தும் போகும். எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை டிரான்ஸ்ஃபோர்மர்ஸுக்கு நாங்கள் நின்றது 25 நிமிடம், அன்றைக்கு எங்களுக்கு அதுதான் நீளமான கியூ. மூத்தவனும் இவரும் தனித்தனியாக ஏறுபவர்களுக்கான வரிசையில் போய் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற இரட்டை ரோலர் கோஸ்டரில் இரண்டு தடவை ஏறினார்கள், சிவப்பில் ஒன்று, கால் தொங்கும் நீலத்தில் ஒன்று. டிசம்பரில் போனால் நான் இப்படிச் சொல்லமாட்டேன். அப்போது எக்ஸ்பிரஸ் இல்லாமல் போவது காசை வீணாக்குவது.

சின்னவளுக்கு வந்தது வேறு கவலை. டிரான்ஸ்ஃபோர்மர்ஸுக்கு 102 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும், மம்மி ரைடுக்கு 122, கலாக்டிகாவுக்கு 125. டிரான்ஸ்ஃபோர்மர்ஸ் வாசலில் அளவுக் கம்பின் அடியில் செருப்பைச் சேர்த்து வைத்து நின்றாள், தலைமுடியை அமுக்கிப் பார்த்துவிட்டு அங்கே வேலை செய்கிற பிள்ளை சிரித்துக்கொண்டே உள்ளே கை காட்டியது, இவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். மம்மி ரைடுக்கு அவளுடைய உயரம் போதவில்லை. அந்த நேரம் அம்மாவும் அவளும் செசமி ஸ்ட்ரீட் ஸ்பகெட்டி ரைடில் சுற்றிவிட்டு, நிழலில் ஐஸ்கிரீமோடு இருந்தார்கள். போகும் முன்னே வீட்டுச் சுவரில் பிள்ளையை அளந்துவிட்டுப் போங்கள், அங்கே போய் அழத் தேவையில்லை.

தங்கியது லிட்டில் இந்தியாவில். தெக்கா சந்தையில் காலைச் சாப்பாடு, அங்கிருந்து ஊதா நிற ரயிலில் மாறாமல் ஹார்பர்ஃபிரண்ட், மேலே விவோசிட்டி கடைத்தொகுதியில் இருந்து செந்தோசா ரயில், முதல் நிறுத்தம்தான் பார்க். உள்ளே போக நான்கு டொலர், திரும்பி வரக் காசில்லை. நடந்தால் இரண்டு பக்கமும் சும்மா போகலாம். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால், அதனால் பார்க் பத்து மணிக்குத் திறந்தால் பிள்ளைகளின் உடம்புக்கு அது காலை ஏழரை. இரவு பிளேனில் போய் இறங்கிய அன்றே பார்க்குக்கு ஓடினால் மத்தியானமே எல்லோரும் சுருண்டு விடுவார்கள், நாங்கள் ஒருநாள் விட்டுத்தான் போனோம். ஏப்ரலில் அங்கே பின்னேரம் இடி மழை வரும், மின்னல் என்றால் வெளியில் உள்ள ரைட்ஸை நிறுத்திவிடுவார்கள். ஆகவே கலாக்டிகாவைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், கூரைக்குள் இருப்பவை பிறகு.

இது ஏப்ரலுக்கான பதில். ஆகஸ்ட் லீவு என்றால் நான் சென்னைப் பக்கம் போய்விடுவேன், அப்போது தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் நடக்கும், 15ஆம் திகதியையும் சனி ஞாயிறையும் தவிர்த்தால் போதும், செலவும் பாதிக்குப் பாதி குறையும். சிங்கப்பூரும் ஆகஸ்டில் 9ஆம் திகதி தேசிய தினத்தைத் தள்ளிப் பார்த்தால் பரவாயில்லை. டிசம்பரில் சிங்கப்பூர் முழுக்க லீவு, சென்னையில் கடைசிக் கிழமை அரையாண்டு லீவு. அப்போது போகத்தான் வேண்டுமென்றால் டிசம்பர் தொடக்கத்தில் சென்னை, ஆனால் அங்கே மழைக்காலம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பாஸ்போர்ட் பரப்பிய அந்த இரவுக்குத் திரும்பி வருகிறேன். சின்னவளுடையதில் ஏழு மாதம்தான் மிச்சம் இருந்தது. ஆறு மாதம் இல்லாவிட்டால் சிங்கப்பூருக்கு விடமாட்டார்கள், விசாவே தேவையில்லாத நாட்டுக்கும் ஒரு மாத வித்தியாசத்தில்தான் தப்பினோம். பிள்ளைகளுக்கு மூன்று வருடத்துக்கு எடுத்தவர்கள் லீவு கேட்பதற்கு முன்னால் அந்தத் திகதியைப் பார்த்துவிடுங்கள். நாங்கள் வந்த கிழமையே அவளுடையதைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டோம். அம்மா ஆகஸ்டைப் பற்றி இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்.