பழைய கேம்ரி ஹைப்ரிடுக்குப் புதுப் பேட்டரி: மூன்று கோடைக்குப் பிறகு

என்னிடம் இருப்பது 2014 மாடல் டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் வண்டி. செகண்ட்ஹேண்டில் வாங்கியது. 2023 தொடக்கத்தில், ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்த நேரத்தில், அதன் பெரிய பேட்டரியை மாற்றினேன். அதற்கப்புறம் மதுரையில் மூன்று கத்திரி வெயிலைப் பார்த்தாகிவிட்டது. ஏலக்காய் வியாபாரத்துக்காக உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிக்கும், அங்கிருந்து மலை ஏறியும் அடிக்கடி போய் வருகிறேன். உள்ளூரில் கோரிப்பாளையம் நெரிசலும் தப்பாது. அதனால் இந்தப் பேட்டரி எல்லா விதமான ஓட்டத்தையும் பார்த்துவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினும் பாடியும் நன்றாக இருக்கிற ஹைப்ரிட் வண்டியைப் பேட்டரிக்குப் பயந்து கைகழுவ வேண்டாம். ஆனால் மாற்றுவதென்றால் முழுசாக மாற்றுங்கள். உள்ளே இருக்கும் செல் கட்டுகளில் (மாட்யூல்) ஒன்றிரண்டை மட்டும் மாற்றி ஒட்டுப் போடுவது பணத்துக்கும் நேரத்துக்கும் கேடு.

நம் ஊரில் ஹைப்ரிட் என்றாலே எலெக்ட்ரிக் கார் மாதிரி தரை முழுக்கப் பேட்டரி இருக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2020-இல் வந்த முதல் நெக்ஸான் எலெக்ட்ரிக் காரில் இருந்தது 30.2 யூனிட் கரண்ட் பிடிக்கும் பேட்டரி. என் கேம்ரியில் இருப்பது சுமார் 1.6 யூனிட்தான். பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். உள்ளே 34 நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மாட்யூல்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் 1.2 வோல்ட் செல்கள் ஆறு. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்திருப்பதால் மொத்தம் 244.8 வோல்ட். தொடர் இணைப்பு என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஜோடி மாட்டில் ஒன்று நொண்டினால் வண்டியே நொண்டுகிற மாதிரி, 204 செல்லில் ஒன்று படுத்தாலும் பேட்டரி பேக் முழுவதும் அதன் பலத்துக்கு இறங்கிவிடும்.

இத்தனை சின்ன பேட்டரிதானே, போனால் பெட்ரோலில் ஓட்டிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. இந்த வண்டியில் தனியாக ஸ்டார்ட்டர் மோட்டாரும் கிடையாது, ஆல்டர்னேட்டரும் கிடையாது. எஞ்சினைச் சுழற்றி எழுப்புவதே பெரிய பேட்டரியில் ஓடும் மோட்டார்தான். டிக்கியில் இருக்கும் 12 வோல்ட் சின்ன பேட்டரி கம்ப்யூட்டர்களை எழுப்பவும் விளக்கு, ஹாரன் போன்றவற்றுக்கும்தான். அதற்குச் சார்ஜ் கொடுப்பதும் பெரிய பேட்டரிதான். ஏசி கம்ப்ரசரும் பெல்ட்டில் ஓடுவதில்லை, இந்த உயர் வோல்டேஜில்தான் ஓடுகிறது. அதனால்தான் சிக்னலில் எஞ்சின் அணைந்திருக்கும்போதும் ஏசி குளிர் குறையாமல் வரும். மே மாதம் மதியம் இரண்டு மணிக்குக் கோரிப்பாளையத்தில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பேட்டரி தளர்வதை முதலில் காட்டிக்கொடுத்தது போடிமெட்டு மலைப்பாதை. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும். முன்பெல்லாம் பாதி மலை இறங்கிய பிறகுதான் டேஷ்போர்டில் பேட்டரிக் கோடுகள் நிரம்பும். 2022 கோடையில் இரண்டு வளைவு திரும்புவதற்குள்ளேயே நிரம்பிவிட்டது. கீழே வந்து சமதளத்தில் கொஞ்ச தூரம் போனதும் மளமளவென்று இறங்கியது. கொள்ளளவு சுருங்கிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி இல்லை. அப்புறம் பின் சீட்டுப் பக்கம் ஃபேன் சத்தம் கூடியது. சிக்னலில் எஞ்சின் அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தது. லிட்டருக்கு 15, 16 கிடைத்த மைலேஜ் 12-க்கு வந்தது. கம்பெனி அறிவித்த சோதனை மைலேஜ் 19.16; ரோட்டில் எனக்கு அது கிடைத்ததில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. அந்த வருடம் முடிவதற்குள் ‘செக் ஹைப்ரிட் சிஸ்டம்’ என்ற எச்சரிக்கை வந்துவிட்டது.

அந்த எச்சரிக்கை வந்தால் உடனே பெரிய பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். 12 வோல்ட் பேட்டரி பலவீனமானாலும் இந்த வண்டிகள் சம்பந்தமில்லாத எச்சரிக்கைகளை எல்லாம் காட்டும். முதலில் அதைச் சோதியுங்கள். என் வண்டியில் அது நன்றாகவே இருந்தது. ஸ்கேனர் போட்டதும் பி0ஏ80 என்ற பிழைக் குறியீடு வந்தது. பெரிய பேட்டரியை மாற்று என்பதுதான் அதன் பொருள். ஆனால் குறியீடு மட்டும் போதாது, பிளாக் வோல்டேஜ் பார்க்க வேண்டும். இரண்டிரண்டு மாட்யூலை ஒரு பிளாக் என்று எடுத்துக்கொண்டு, 17 பிளாக்கையும் வண்டியின் கம்ப்யூட்டர் தனித்தனியாகக் கண்காணிக்கிறது. ஏசியை முழு வேகத்தில் வைத்து, பிரேக்கை அழுத்திக்கொண்டு ஆக்சிலரேட்டர் கொடுத்தபோது, ஒரு பிளாக் மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் கீழே விழுந்தது. இன்னும் இரண்டு அதன் பின்னாலேயே சரிந்துகொண்டிருந்தன.

பழங்காநத்தத்தில் எனக்குப் பழக்கமான ஆட்டோ எலெக்ட்ரீஷியன் தம்பிதான் இதைப் பார்த்துச் சொன்னவர். “அண்ணே, இந்த ஒன்னை மட்டும் மாத்துனா நாளைக்கே வண்டி ஓடிரும். ஆனா அடுத்த சித்திரைக்குள்ள பக்கத்துல இருக்கறது படுத்துரும். அதையும் மாத்துவீங்க, அப்புறம் இன்னொன்னு போகும். நான் செஞ்சு தர மாட்டேண்ணே” என்றார். வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்லும் மெக்கானிக் கிடைப்பது பெரிய விஷயம். அவர் சொன்னதில் நியாயமும் இருக்கிறது. எல்லா மாட்யூலும் ஒரே நாளில் பிறந்து, ஒரே வெயிலைத் தின்றவை. நடுவில் புதிதாக ஒன்றைச் செருகினால் அதன் கொள்ளளவும் உள்மின்தடையும் வேறாக இருக்கும்; சார்ஜ் ஏறும்போதும் இறங்கும்போதும் சமநிலை கெடும்.

என் முன்னால் இருந்த வழிகளைச் சொல்கிறேன். கம்பெனி வழியாக முழுப் பேட்டரி வாங்கலாம். எனக்குச் சொன்ன விலைக்கு ஓரளவு நல்ல பழைய ஹேட்ச்பேக் ஒன்றே வாங்கிவிடலாம். விபத்தில் போன வண்டியிலிருந்து கழற்றிய பேக் கிடைக்கும். மலிவு, ஆனால் அதற்கும் கிட்டத்தட்ட அதே வயது. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு மாறலாம். எடை குறைவு, ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வண்டியின் கம்ப்யூட்டர், ஏறி இறங்கும் மின்னோட்டத்தோடு நிக்கல் செல்லின் வோல்டேஜ் போக்கையும் வைத்து எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. லித்தியத்தின் வோல்டேஜ் பெரும்பகுதி நேரம் ஏறாமல் இறங்காமல் நிற்கும். அந்த இடைவெளியைச் சரிக்கட்டும் எலெக்ட்ரானிக்ஸ் நம்பகமாக இருந்தால்தான் அது சரிப்படும். மலைப்பாதையில் போகிற வண்டியில் எனக்கு அந்தச் சோதனை வேண்டாம் என்று தோன்றியது. அதனால் பழைய பெட்டி, கண்காணிப்புக் கம்ப்யூட்டர், ஃபேன் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, உள்ளே 34 மாட்யூலையும் புதிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடாகப் போடும் வழியைத் தேர்ந்தெடுத்தேன். கோயம்புத்தூரில் இதையே தொழிலாகச் செய்யும் ஒரு பட்டறை, இரண்டு வருட வாரண்டியோடு ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல் கேட்டது. ஆள் மதுரைக்கே வந்து மாட்டிக் கொடுத்தார்.

வேலை நடந்ததை முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் 12 வோல்ட் இணைப்பைக் கழற்றினார். பிறகு ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஆரஞ்சு நிறச் சர்வீஸ் பிளக்கை உருவித் தன் பையிலேயே போட்டுக்கொண்டார், வேறு யாரும் தெரியாமல் மாட்டிவிடக் கூடாது என்று. அதன்பின் பத்து நிமிடத்துக்கு மேல் யாரையும் எதையும் தொடவிடவில்லை. பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரில் இருக்கும் கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடிய அந்த நேரம் வேண்டும். மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே ஸ்பேனர் எடுத்தார். இந்த ஆரஞ்சு வயர்களில் இருப்பது ஆளைக் கொல்லும் டிசி மின்சாரம். வீடியோ பார்த்துவிட்டு வீட்டு வாசலில் இறங்கும் வேலை இது இல்லை. கையுறையும் மீட்டரும் இல்லாமல் வருகிற மெக்கானிக்கைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பெட்டியைத் திறந்ததும் காரணங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. நடுவில் இருந்த மாட்யூல்கள் லேசாக உப்பியிருந்தன. வரிசையின் ஓரங்களைவிட நடுவில்தான் சூடு தங்கும். மாட்யூல்களை இணைக்கும் செம்புப் பட்டைகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. காற்றை இழுக்கும் ஃபேன் இறக்கைகளில் மெல்லிய பஞ்சுத் தூசி படிந்து, இறக்கையின் வளைவே தெரியவில்லை. இந்தப் பேட்டரிக்குத் தனி ஏசி கிடையாது. கேபினில் இருக்கும் காற்றையே இழுத்துத்தான் குளிர்கிறது. நாம் உட்காரும் இடம் கொதித்தால் பேட்டரியும் கொதிக்கும். ஒன்பது வருடம் நம் ஊர் வெயிலில் உழைத்த பேட்டரி அது. செய்தவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

புதிய மாட்யூல்களை வந்த கையோடு மாட்டவில்லை. பட்டறையிலேயே ஒவ்வொன்றையும் பலமுறை சார்ஜ் ஏற்றி, இறக்கி, கொள்ளளவை அளந்து, எண் எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். அந்தத் தாளை எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள். நீங்கள் யாரிடம் மாற்றினாலும் இந்தத் தாளைக் கேளுங்கள். அது இல்லாதவர்கள் மாட்யூல்களைப் பொருத்தம் பார்க்காமல் அடுக்குகிறார்கள் என்று அர்த்தம். செம்புப் பட்டைகளையும் புதிதாகப் போட்டு, நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து அளவாக இறுக்கினார்கள். அதிகம் இறுக்கினால் முனை முறியும், குறைந்தால் சூடேறும்.

மாற்றிய பிறகு என்ன ஆயிற்று? மைலேஜ் பழையபடி 15, 16-க்கு வந்தது. புதுநத்தம் ரோட்டு மேம்பாலத்தில் சீராகப் போகும்போது எஞ்சின் அடிக்கடி அணைந்து மோட்டாரில் நழுவுகிறது. போடிமெட்டு இறக்கத்தில் பேட்டரி நிரம்ப மறுபடியும் பழைய நேரம் எடுக்கிறது. இந்த மூன்று கோடையிலும் எச்சரிக்கை எதுவும் வரவில்லை. சமீபத்தில் பார்த்தபோதும் பிளாக்குகளுக்கு நடுவே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஒரே ஒரு குறை: கடும் வெயிலில் நிறுத்திவைத்து எடுத்தால், ஃபேன் முன்பைவிடச் சீக்கிரம் வேகமெடுக்கிறது. இந்த மாட்யூல்கள் ஒரிஜினலைவிடக் கொஞ்சம் சூடாக ஓடுகின்றன என்றுதான் நினைக்கிறேன். வாரண்டி காலம் தாண்டியும் பிரச்சினை இல்லை என்றாலும், முதல் பேட்டரி மாதிரி ஒன்பது வருடம் வரும் என்று நான் கணக்கு வைக்கவில்லை.

பணக் கணக்கை நேர்மையாகப் போட்டுப் பார்ப்போம். வருடத்துக்குப் பதினைந்தாயிரம் கிலோமீட்டர் ஓடினால், லிட்டருக்கு 12 கிடைக்கும்போது 1,250 லிட்டர் வேண்டும், 15.5 கிடைத்தால் 970 லிட்டருக்குள் முடியும். பெட்ரோல் 102 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு மிச்சம் 28,000 சொச்சம். பேட்டரிக்குப் போட்ட காசு பெட்ரோலில் மட்டும் திரும்ப ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். ஆகவே மிச்சம் பிடிப்பதற்காகப் பேட்டரி மாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் போட்ட காசு வண்டியைக் காப்பாற்றுவதற்கு. பேட்டரி போன ஹைப்ரிடைக் காய்லான் கடை விலைக்குத்தான் கேட்கிறார்கள். இந்த வசதியிலும் அமைதியிலும் இன்னொரு வண்டிக்குப் போனால் அதற்கு எத்தனை லட்சம் வேண்டும் என்று பார்த்தபோது, எனக்கு இதுவே லாபமாகப் பட்டது. 2029-இல் ஆர்சி 15 வருடம் முடிந்து புதுப்பிக்க வேண்டும். அதுவரைக்கும் ஓட்டினால் போட்டது வீண் இல்லை.

பழைய மாட்யூல்களைப் பட்டறைக்காரர்களே கழிவுக்குத் திரும்ப எடுத்துக்கொண்டு விலையில் கழித்தார்கள். அதைக் கண்ட இடத்தில் போடாதீர்கள், உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி எல்லா வகைப் பேட்டரியையும் குப்பையில் கலக்காமல் முறையான மறுசுழற்சிக்குத்தான் கொடுக்க வேண்டும்.

இப்போது நான் கடைப்பிடிப்பது இவ்வளவுதான். வருடா வருடம் பங்குனியில், வெயில் ஏறுவதற்கு முன்னால், பேட்டரி ஃபேனைக் கழற்றிச் சுத்தம் செய்து பிளாக் வோல்டேஜையும் பார்த்துவிடுகிறேன். பேட்டரிக்குக் காற்று இழுக்கும் கிரில் மேல் பை, துணி எதையும் வைக்க விடுவதில்லை. அந்த கிரில் இருக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும், ஓனர் மேனுவலில் படம் இருக்கிறது. வெயிலில் நின்ற வண்டியை எடுத்தால் கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிடம் சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசி போடுகிறேன். நீண்ட நாள் வெளியூர் போனால், வீட்டில் தம்பி மகனிடம் சாவி கொடுத்து அவ்வப்போது வண்டியை ஸ்டார்ட் செய்து ‘ரெடி’ விளக்கு எரிய அரை மணி நேரம் விடச் சொல்கிறேன். நிக்கல் பேட்டரி சும்மா நின்றாலே தானாக இறங்கும்.

பழைய ஹைப்ரிட் வாங்கப் போகிறவர்கள் விலை பேசும் முன் பிளாக் வோல்டேஜை ஒரு மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள், அதுவும் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது. காலையில் குளிர்ச்சியாக இருக்கும் வண்டி எல்லாம் நல்ல வண்டி மாதிரிதான் தெரியும். மதியத்தில், ஒரு மணி நேரம் ஓட்டியபின் பாருங்கள். பேட்டரி தளர்ந்திருந்தால் வேண்டாம் என்று திரும்பிவிட வேண்டியதில்லை. மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். எஞ்சின், இன்வெர்ட்டர், பாடி மூன்றும் சரியாக இருந்து அந்த விலைக்குப் படிந்தால் தாராளமாக எடுக்கலாம்.