செங்கோட்டையில் சுழன்ற ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’

சாரல் காலத்து மாலையொன்றில், செங்கோட்டை வீட்டில், அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இசைத்தட்டின் மறுபதிப்பை முழுமையாகக் கேட்டேன். 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாள்களில், நியூயார்க்கில் முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவான ஐந்து உருப்படிகள் இதில் உள்ளன.

நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு முதல் உருப்படியான ‘சோ வாட்’ அந்நியமாகப் படாது. பதினாறு தாளவட்டங்கள் டோரியன் என்னும் சுரவரிசையில் நின்று, அடுத்த எட்டுக்கு அப்படியே அரைச்சுரம் மேலேறி, கடைசி எட்டில் பழைய இடத்துக்கே திரும்புகிறது. அந்த வரிசையின் சுரங்கள் நம் கரகரப்பிரியா ராகத்தின் சுரங்களேதாம். சுரங்களை அசைத்து இழைக்கும் கமகம் இல்லாததால் அதை ராகம் என்று சொல்லிவிட முடியாது. (என் மாமா ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு கதை.) டேவிஸ் ஊதியதைவிட, ஊதாமல் விட்ட இடைவெளிகளே என்னைக் கட்டிப்போட்டன. ‘ப்ளூ இன் கிரீன்’ உருப்படியில், டிரம்பெட்டின் விரிந்த முனையில் செருகிய அடைப்பானைக் கடந்து வரும் மெலிந்த ஒலி, பில் எவன்ஸின் பியானோவோடு சேரும்போது கேட்பவர் மூச்சையும் அடக்கிக்கொள்கிறார். மற்ற உருப்படிகளில் கோல்ட்ரேனும் ஆடர்லியும் சாக்சபோனில் சரளமாகப் பொழிகிறார்கள்.

பழைய அச்சுகளில், பதிவுக் கருவியின் கோளாறால், முதல் பக்கம் சற்று வேகமாக ஓடிச் சுருதி உயர்ந்திருக்கும். பின்னாளைய மறுபதிப்புகள் பலவற்றில் அது சரிசெய்யப்பட்டுள்ளது என்பதால், விசாரித்து வாங்குவது நல்லது. திருவனந்தபுரத்துக் கடையொன்று அனுப்பிய என் பிரதியின் அட்டை முனை மடங்கியிருந்தது. தட்டில் கீறல் எதுவும் இல்லை.