தேதி முடிந்த பிறகு வரும் கடிதம்: மருத்துவமனை அப்பாயிண்ட்மெண்ட்டுக்குக் காத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த ஸ்கேன் தேதி அது. கடிதம் கைக்கு வந்தபோது அந்தத் தேதி முந்தைய நாளே முடிந்துவிட்டது. மருத்துவமனைக்குப் போன் செய்தால், "நாங்க அனுப்பிட்டோமே, நீங்கதான் வரலை" என்று பதில் வருகிறது. பதிவேட்டில் 'வரவில்லை' என்று ஏறியாயிற்று. பல இடங்களில் இப்படி ஒன்றோ இரண்டோ 'வரவில்லை' விழுந்தால் போதும், கோப்பை மூடி, பரிந்துரைத்த டாக்டருக்கே திருப்பிவிடுவார்கள். பிறகு புதுப் பரிந்துரை வாங்கி, வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

இது ஏதோ ஒரு மருத்துவமனையில் எப்போதோ நடந்த தவறு அல்ல. இந்த ஏற்பாட்டின் அடிப்படையே கோளாறானது. 'அனுப்பியாயிற்று' என்பதையே 'தெரிவித்தாயிற்று' என்று கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க யாரும் கிடையாது, ஆனால் சேராததற்கான தண்டனை மட்டும் நோயாளிக்கு.

மேலே சொன்ன கடிதத்தையே கையில் எடுத்துப் பாருங்கள். தாளின் மேல் மூலையில் இருக்கும் தேதி 2. உறையின் மேல் விழுந்திருக்கும் தபால் முத்திரை 9. அப்பாயிண்ட்மெண்ட் 11-ஆம் தேதி காலை. வீட்டுக்கு வந்து சேர்ந்தது 12. தபால்காரர் எடுத்துக்கொண்டது மூன்றே நாள். அதற்கு முன்னால் ஒரு வாரம் கடிதம் மருத்துவமனைப் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது. உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டிருந்தால் இதை நிரூபிக்க வழியே இருந்திருக்காது. உள்ளே இருக்கும் தாள் 2-ஆம் தேதியே அனுப்பியதாகத்தான் சாட்சி சொல்லும். ஆகவே உறையை ஒருபோதும் எறியாதீர்கள். முத்திரை தெரியும்படி ஒரு படம், தாளை ஒரு படம், வந்த அன்றே எடுத்து வைத்துவிடுங்கள்.

அந்த ஒரு வாரம் எங்கே போகிறது? டாக்டர் எழுதிய சீட்டு குமாஸ்தாவின் மேசைக்குப் போகிறது. அவர் கணினியில் காலியிடம் பார்த்து ஏற்றியதும் கடிதம் உருவாகிவிடும், தேதியும் அப்போதே விழுந்துவிடும். ஆனால் அச்சாவது உடனே அல்ல. இரவில் மொத்தமாக ஒரு கோப்பாகச் சேரும். பல மருத்துவமனைகளில் அந்தக் கோப்பு வெளியே ஓர் அச்சு நிறுவனத்துக்குப் போகும். அங்கே அச்சடித்து, மடித்து, உறையிலிட்டு, கட்டணச் சலுகைக்காக மொத்தத் தபாலாகப் பிரித்து அனுப்புவார்கள். சலுகைத் தபால் என்றால் வேகமும் சலுகைதான். வார இறுதியோ விடுமுறையோ குறுக்கே வந்தால் இன்னும் தள்ளிப்போகும். ஒருவரும் வேண்டுமென்றே தாமதிப்பதில்லை, ஒவ்வோர் இடத்திலும் ஒரு நாள் தங்கும், அவ்வளவுதான். தேதி ஒரு மாதம் தள்ளி இருந்தால் இதெல்லாம் வெளியே தெரியாது. யாரோ ரத்து செய்த இடத்தை உங்களுக்குக் கொடுத்திருந்தால், அதாவது இன்னும் ஒரு வாரத்தில் தேதி என்றால், தபால் வழி அதற்கு ஈடுகொடுக்கவே முடியாது. அப்படியும் மென்பொருள் தபாலையே தேர்ந்தெடுக்கும், ஏனென்றால் முதல் பதிவில் அப்படித்தான் குறித்திருக்கிறது.

தேதி மாற்றினால் குழப்பம் இரட்டிப்பு. பழைய கடிதம் வழியில் இருக்கும்போதே புதிய கடிதம் கிளம்பும். எது முன்னால் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 'இதற்கு முன் அனுப்பிய கடிதம் செல்லாது' என்ற ஒரு வரியைக்கூட பெரும்பாலான கடித மாதிரிகளில் சேர்ப்பதில்லை. இரண்டு கடிதம் வந்தால், வந்த வரிசையைப் பார்க்காமல் தாளில் அச்சான தேதியைப் பாருங்கள். அதற்குப் பிறகும் போன் செய்து உறுதிப்படுத்துங்கள். சில சமயம் இரண்டுமே தனித்தனி அப்பாயிண்ட்மெண்ட்டாக இருக்கும், ஒன்று ஸ்கேனுக்கு, ஒன்று டாக்டரைப் பார்க்க.

இடத்தையும் கவனியுங்கள். கடிதத்தின் தலைப்பில் பெரிய எழுத்தில் இருப்பது தலைமை மருத்துவமனையின் முகவரி. நீங்கள் போக வேண்டிய கிளினிக் வேறு வளாகத்தில் இருக்கலாம், அது நடுவில் சின்ன எழுத்தில் கிடக்கும். 04/05 என்று மட்டும் போட்டிருந்தால் அது மே மாதமா ஏப்ரலா என்பது மென்பொருள் எந்த நாட்டில் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது. கிழமை அச்சாகியிருந்தால் நாட்காட்டியோடு ஒத்துப் பார்த்துவிடலாம். கிழமை இல்லாத கடிதத்தை நம்பிக் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

நேரடியாக உடம்பைப் பாதிப்பது முன்தயாரிப்புக் குறிப்புகள் வரும் விதம். மயக்க மருந்து கொடுக்கும் சிகிச்சைக்கு முன் திட உணவை நிறுத்துவது வழக்கமாக 6 மணி நேரம், தெளிந்த நீராகாரம் 2 மணி நேரம். குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கு (கொலோனோஸ்கோபி) முந்தைய நாளே, சில சமயம் அதற்கும் முன்பே, உணவுக் கட்டுப்பாடும் பேதி மருந்தும் தொடங்கிவிட வேண்டும். வார்ஃபரின் போன்ற ரத்த உறைதடுப்பு மருந்தை நிறுத்த வேண்டியிருந்தால் வழக்கமாக 5 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அதையும் டாக்டர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தக் கூடாது. இந்தக் குறிப்புகளை அப்பாயிண்ட்மெண்ட் கடிதத்தோடு வைக்காமல் தனி உறையில், அந்தந்தப் பிரிவிலிருந்து அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. முதல் உறை வந்து இரண்டாவது வராவிட்டால், சரியான நாளில் சரியான நேரத்துக்குப் போய், சாப்பிட்டுவிட்டு வந்ததற்காகத் திருப்பி அனுப்பப்படுவீர்கள். எனவே தேதி தெரிந்த அன்றே அந்தப் பிரிவைக் கூப்பிட்டு, "முன்தயாரிப்பு ஏதாவது இருக்கிறதா, எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும்" என்று கேட்டுவிடுங்கள். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்திருப்பவர்கள், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்றால், அது இருப்பதைக் கண்டிப்பாக முன்கூட்டியே சொல்ல வேண்டும். பல பேஸ்மேக்கர்களுக்கு, தகுந்த ஏற்பாடு இல்லாமல் ஸ்கேன் செய்ய மாட்டார்கள்.

போன் மட்டும் என்ன வாழ்கிறது? உள் இணைப்பிலிருந்து கூப்பிட்டாலும் உங்கள் திரையில் தெரிவது பெரும்பாலும் மருத்துவமனையின் பொது எண், அல்லது எண்ணே தெரியாது. மிஸ்டு காலைப் பார்த்துத் திருப்பிக் கூப்பிட்டால் ஆபரேட்டர் எடுப்பார். எந்தப் பிரிவு கூப்பிட்டது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. குரல் பதிவு விட்டால் ரகசியம் காக்கிறேன் என்று பிரிவின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பக்கம் கோப்பில் 'தொடர்பு கொள்ள முடியவில்லை' என்று மட்டும் ஏறும்.

எஸ்.எம்.எஸ். வந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பவர்களுக்காகச் சில விவரங்கள். ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கிலத்துக்கு 160 இடம். தமிழ் போன்ற எழுத்துகளுக்கு 70 இடம்தான். 'மருத்துவமனை' என்ற ஏழெழுத்துச் சொல்லே 11 இடத்தை எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் புள்ளியும் கொம்பும் தனித்தனி இடமாக எண்ணப்படும். செய்தி நீண்டால் துண்டுகளாகப் போகும், அப்போது ஒரு துண்டுக்கு 67 இடம். துண்டு கூடினால் செலவு கூடும் என்பதால் முதலில் வெட்டப்படுவது நோயாளிக்குத் தேவையான விவரம்தான்: எந்தக் கட்டடம், யாரைக் கூப்பிடுவது, சாப்பிடலாமா கூடாதா. அனுப்புநர் இடத்தில் எண்ணுக்குப் பதில் மருத்துவமனைப் பெயர் தெரிந்தால் அதற்குப் பதில் அனுப்பவே முடியாது. 'வர இயலாவிட்டால் பதில் அனுப்பவும்' என்று அதே செய்தியில் எழுதியிருக்கும் கூத்தும் உண்டு.

செய்தி போகவே போகாத காரணங்கள் இன்னும் அற்பமானவை. வீட்டுத் தொலைபேசி எண்ணை மொபைல் கட்டத்தில் தட்டியிருப்பார்கள். எண்கள் ஒரு எக்செல் கோப்பு வழியாகப் போயிருந்தால் முன்னால் இருக்கும் 0 காணாமல் போயிருக்கும். பழைய எண்ணைத் தொலைபேசி நிறுவனம் வேறு ஒருவருக்குக் கொடுத்திருக்கும்; உங்கள் புற்றுநோய்ப் பிரிவு அப்பாயிண்ட்மெண்ட் யாரோ முன்பின் தெரியாதவர் கையில் ஒலிக்கும், அறிக்கையிலோ 'டெலிவர்டு' என்று இருக்கும். போன் அணைந்திருந்தால் செய்தி அந்தத் தொலைபேசி நிறுவனத்தின் சர்வரில் குறிப்பிட்ட காலம் காத்திருந்துவிட்டுக் காலாவதியாகும். டெலிவரி ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்து, போகாதவர்களுக்குப் போன் செய்யும் ஆள் இருந்தால் இதில் பாதி தீர்ந்துவிடும். அந்த வேலையை யார் பொறுப்பிலும் வைப்பதில்லை.

ரத்தான அப்பாயிண்ட்மெண்ட்டுக்கு 'நாளை வரவும்' என்று நினைவூட்டல் வருவதற்கும் காரணம் உண்டு. மருத்துவமனை மென்பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள எச்.எல்.7 என்ற முறை பரவலாகப் பயன்படுகிறது. அதில் புது அப்பாயிண்ட்மெண்ட்டுக்கு எஸ்12, தேதி மாறினால் எஸ்13, ரத்துக்கு எஸ்15 என்று தனித்தனிச் செய்திகள். நினைவூட்டல் அனுப்பும் மென்பொருள் எஸ்12-ஐ மட்டும் வாங்கிக்கொண்டு எஸ்15-ஐக் கவனிக்காவிட்டால், ரத்தானது அதற்குத் தெரியவே தெரியாது. இன்னும் பழைய ஏற்பாடுகளில் இந்தப் பேச்சுவார்த்தையே இல்லை. தினமும் ஒரு முறை பட்டியலை உருவி அனுப்புவார்கள். பட்டியல் எடுத்த பிறகு நடந்த மாற்றம் எதுவும் அதில் இருக்காது. ஆகவே நினைவூட்டல் வரவில்லை என்பதால் அப்பாயிண்ட்மெண்ட் இல்லை என்றும், வந்துவிட்டதால் உண்டு என்றும் முடிவு கட்டாதீர்கள்.

எஸ்.எம்.எஸ். பயனற்றது என்று சொல்லவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, நினைவூட்டலே இல்லாததைவிட எஸ்.எம்.எஸ். நினைவூட்டலால் வருகை கூடுகிறது, போன் நினைவூட்டலுக்கு ஏறக்குறைய சமமாக இருக்கிறது என்றது. ஆனால் அது நினைவூட்டல். தேதியையே முதன்முதலாக அறிவிக்கும் ஒரே வழியாக அதை வைத்துக்கொள்வது வேறு விஷயம்.

மருத்துவமனைக்கு மருத்துவமனை பரிந்துரை அனுப்பும் ஃபேக்ஸைப் பற்றிச் சிரிக்க வேண்டாம். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவைக்குப் புது ஃபேக்ஸ் இயந்திரம் வாங்குவதை அந்நாட்டு அரசு தடை செய்ததே 2019 ஜனவரியில்தான். ஃபேக்ஸில் 'ஓகே' என்று வரும் சீட்டு, அந்தப் பக்க இயந்திரம் வாங்கிக்கொண்டது என்று மட்டும் சொல்லும். தாள் தீர்ந்திருந்ததா, வேறொருவர் கட்டோடு சேர்ந்து போனதா என்பதெல்லாம் அதில் தெரியாது.

ஆப், போர்ட்டல் (மருத்துவமனை இணையதளத்தில் நோயாளிக்கான கணக்கு) என்று வந்தாலும் பழைய குணம் போவதில்லை. 'உங்களுக்குப் புதிய செய்தி உள்ளது' என்று ஒரு மின்னஞ்சல் வரும், உள்ளே நுழையக் கடவுச்சொல் கேட்கும், அந்த மின்னஞ்சலே ஸ்பேமில் கிடக்கும். சில இடங்களில் போர்ட்டலில் பதிந்த கணமே காகிதக் கடிதம் நின்றுவிடும். அதை உங்களிடம் யாரும் சொல்ல மாட்டார்கள், பதியும்போது டிக் செய்த நிபந்தனைகளில் அது எங்கோ இருக்கும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? பரிந்துரை எழுதிய அன்றே, கவுண்ட்டரை விட்டு நகரும் முன், "என் நம்பர் அதேதானே?" என்று கேட்காதீர்கள், "ஆமாம்" என்றுதான் பதில் வரும். "உங்கள் திரையில் இருக்கும் எண்ணையும் முகவரியையும் வாசியுங்கள்" என்று கேளுங்கள். மாறியிருந்தால் மாற்றச் சொல்லிவிட்டு, மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். ஒரே மருத்துவமனையில் ஸ்கேன் பிரிவும் ரத்தப் பரிசோதனைப் பிரிவும் தனித்தனிப் பதிவேடு வைத்திருக்கலாம், ஓரிடத்தில் மாற்றினால் மற்றதில் மாறாது. இரண்டாவது தொடர்பு எண்ணாகப் பிள்ளை அல்லது துணைவரின் எண்ணைச் சேருங்கள். வயதானவர்களுக்கு இது கட்டாயம். அந்த எண்ணில் விவரம் சொல்லலாம் என்ற சம்மதத்தையும் பதியச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கூப்பிட்டும் பேச மாட்டார்கள். உங்கள் பதிவு எண், அந்தப் பிரிவின் நேரடி எண், எத்தனை வாரத்துக்குள் தகவல் வர வேண்டும் என்ற கணக்கு, இந்த மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

சொன்ன கெடு முடிந்ததும் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் கூப்பிடுங்கள். "அனுப்பினார்களா?" என்று கேட்பதில் பயனில்லை. "பரிந்துரை உங்களுக்கு வந்து சேர்ந்ததா? எந்தத் தேதியிட்டு வரிசையில் ஏறியிருக்கிறது? தேதி கொடுத்தாகிவிட்டதா? அறிவிப்பு எந்த வழியில் போகும்?" என்று கேளுங்கள். திடீரென்று காலியாகும் இடத்துக்கு வரத் தயார் என்றால் அதையும் சொல்லி, அப்படியானால் போனில் மட்டும் கூப்பிடும்படி குறிக்கச் சொல்லுங்கள். பேசியவர் பெயர், நேரம், சொன்ன பதில் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே 'வரவில்லை' விழுந்துவிட்டதா? வாய்ச்சொல்லில் விடாதீர்கள். புகார்ப் பிரிவுக்கு எழுத்தில் இப்படிக் கேளுங்கள்: "அறிவிப்பு உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. உறையின் முத்திரைப் படம் இணைத்துள்ளேன். கடிதம் அச்சான நாள், தபாலில் ஒப்படைக்கப்பட்ட நாள், பயன்படுத்திய முகவரி, எஸ்.எம்.எஸ். என்றால் எண்ணும் டெலிவரி நிலையும் தெரிவிக்கவும். 'வரவில்லை' என்ற பதிவை நீக்கி, மருத்துவமனை சார்ந்த காரணம் என்று மாற்றவும். முதல் பரிந்துரைத் தேதியின்படியே என் இடத்தை வரிசையில் வைக்கவும்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே புதுத் தேதியிட்டு உங்களைக் கடைசியில் ஏற்றிவிடுவார்கள். நோய் மோசமாகியிருந்தால், பரிந்துரைத்த டாக்டரிடம் அவசர நிலையை உயர்த்தி ஒரு வரி எழுதி வாங்கி அதையும் சேர்த்து அனுப்புங்கள். புகார்ப் பிரிவின் பதிலுக்காக அதை நிறுத்தி வைக்காதீர்கள், அந்த வரி நேராக அப்பாயிண்ட்மெண்ட் போடும் பிரிவுக்கே போக வேண்டும்.